மாத்திரை தீரும் நாள்: குமரி மேற்குக் கடற்கரையில் இரத்த அழுத்தச் சிகிச்சை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டி, நீரோடியில் தொடங்கி இரையுமன்துறை வரை கடற்கரை ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் எல்லாம் இந்த வரிசையில்தான் வரும். இங்குள்ள ஆண்களில் பலர் தங்குகடல் தொழிலாளிகள். காலையில் போய் மாலையில் திரும்புகிற மீன்பிடிப்பு இல்லை இது. கொச்சியிலோ மங்களூரிலோ அதற்கு வடக்கேயோ போட்டு (விசைப்படகு) ஏறினால் கரை காண ஒரு மாதம் ஆகும், ஒன்றரை மாதமும் ஆகும். பிடித்த மீனை அங்கேயே இறக்கி, ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு மறுபடி போய்விடுகிறவர்களும் உண்டு.

இந்த ஊர்களில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் சில ஆண்டுகள் மருத்துவ அலுவலராக இருந்தேன். வெளியிலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழு ஒன்றும் நாங்களும் சேர்ந்து செய்த வேலையைப் பற்றிய பதிவு இது. ஊர், நிறுவனம், ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

இரத்த அழுத்தச் சிகிச்சையில் என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி அதை எளிமையாகவே வகுத்துத் தந்தது. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போது கூட்டுவது என்று ஒரே மாதிரி நடைமுறை, தட்டுப்பாடில்லாத இருப்பு, மருத்துவரோடு செவிலியரும் மற்றவர்களும் பகிர்ந்து செய்யும் வேலை, நோயாளிக்கு அலைச்சல் இல்லாத சேவை, ஒவ்வொருவரையும் பின்தொடரும் பதிவு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. நல்ல திட்டம், எங்கள் ஊரில் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் அது செய்த நன்மையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் வீடு தேடிப் போனபோது வீட்டில் ஆண்கள் இல்லை. அவர்கள் கடலில் இருந்தார்கள்.

எங்கே தொடங்கியது

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஸ்ராங்கு. போட்டை ஓட்டுகிறவர், அதில் இருப்பவர்களுக்கெல்லாம் பொறுப்பாளி. எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'விடுபட்டவர்' என்று எழுதியிருந்தது. குறித்த மாதத்தில் மாத்திரை வாங்க வராதவர்களை அப்படித்தான் எழுதுவோம். மாதாந்திரக் கூட்டத்தில் அந்தச் சிவப்பு வரிகளுக்குத்தான் எங்களிடம் விளக்கம் கேட்பார்கள்.

நடுக்கடலில் ஒரு நாள் அதிகாலை அவருக்கு வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தப் போட்டு கரை சேரவே இரண்டு நாளுக்கு மேல் ஆனது. கடலுக்கு 108 வராது. கேரளத்தில் சிகிச்சை முடித்து ஊருக்குக் கொண்டுவந்த பிறகுதான் எங்களுக்கே தகவல் தெரிந்தது.

நானும் கிராம சுகாதார செவிலியரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி உள்ளே போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்தார். ஈரக்காற்றில் கெடாமல் இருக்கப் போட்டில் அவர் மாத்திரை வைத்துக்கொள்கிற பாட்டில் அது. உள்ளே காலியான மூன்று அட்டைகள், பின்பக்கமெல்லாம் பால்பாயின்ட் பேனாவால் தேதி. வரிசையாகப் பார்த்தபோது முதல் இருபது நாள் தினமும் ஒன்று என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். பயணம் நீளும் என்று தெரிந்ததும் இருக்கிற மாத்திரையை இழுத்துப் பிடித்திருக்கிறார். கடைசித் தேதிக்கும் அவர் விழுந்த நாளுக்கும் இடையில் சில நாள்.

"தந்தது முப்பது மாத்திரையாக்கும் டாக்டரே. போனது நாப்பத்தெட்டு நாளு கடலுக்கு. இவரு என்ன செய்வாரு?" என்று அவர் மனைவி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் விட்டுவிட்டதாக நாங்கள் எழுதிவைத்திருந்தோம். அட்டையின் பின்னால் அவர் எழுதிய கணக்கு எங்கள் பதிவேட்டைவிட ஒழுங்காக இருந்தது.

ஆராய்ச்சிக் குழு வந்தது

இது நடந்து சில மாதங்களில், தொற்றா நோய்ச் சிகிச்சையில் நோயாளிகள் ஏன் தொடர்வதில்லை என்று ஆராயும் குழு ஒன்று முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தது. கைப்பேசிக்கு நினைவூட்டல் செய்தி அனுப்புவது, விழிப்புணர்வு வகுப்பு நடத்துவது, இரண்டால் என்ன மாறுகிறது என்று அளப்பது என்பதுதான் அவர்கள் திட்டம். வேறு இடங்களில் நினைவூட்டல் ஓரளவு பலன் தந்திருக்கிறது என்பதால் அந்த யோசனை தவறு என்று சொல்ல முடியாது.

முதல் கூட்டம் நன்றாகப் போகவில்லை. எங்கள் பக்கம் ஏற்கெனவே இருந்த பதிவேடுகளே போதும் போதும் என்றிருந்தது. "இன்னொரு நோட்டா?" என்று ஒரு செவிலியர் முகத்துக்கு நேராகவே கேட்டார். ஆய்வு செய்கிறவர்கள் வருவார்கள், கேள்வித்தாள் நிரப்புவார்கள், போய்விடுவார்கள், என்ன கண்டுபிடித்தார்கள் என்று ஒரு வரிகூடத் திரும்பி வராது. இதுதான் எங்கள் பழைய அனுபவம். அவர்களுக்கோ நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், குறித்த கால அளவு, நிதிக் கணக்கு என்று வேறு நெருக்கடிகள்.

திருப்பம் கேள்வித்தாளில் வந்தது. 'கடந்த 7 நாளில் எத்தனை நாள் மாத்திரை போட மறந்தீர்கள்?' என்று ஒரு கேள்வி. கரையில் இருந்த ஒருவரிடம் இளம் ஆய்வாளர் அதைக் கேட்டார். "மறக்கல்ல மேடம். தீந்துபோச்சு." ஆய்வாளர் 'மறக்கவில்லை' என்ற கட்டத்தில் டிக் போடப் போனார். பக்கத்தில் நின்ற எங்கள் செவிலியர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "தீர்ந்துபோச்சுன்னு எழுத உங்க தாள்ல இடமே இல்லையே" என்றார்.

அந்த ஆய்வாளரை இன்றும் மதிக்கிறேன். கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு, தன் மூத்தவர்களிடம் பேசி, சில வாரங்கள் எங்கள் மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வெறுமனே பார்த்தார். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, வீட்டில் வைத்துத் தரும் மருந்துச் சிகிச்சை, மருத்துவமனையில் தங்கவைத்துத் தரும் சானடோரியச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று 1959-ல் உலகத்துக்குச் சொன்னது. நோயாளி வாழ்கிற இடத்திலேயே சிகிச்சையை வைத்துப் பார்த்ததால் கிடைத்த பாடம் அது.

கவனித்தவை

ஜன்னலுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் மனைவிமார். "ஆளைக் கூட்டிட்டு வாங்கம்மா, பிரஷர் பாக்காம மாத்திரை தர முடியாது" என்று நாங்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். கொச்சியில் போட்டு ஏறிவிட்டவரை எப்படிக் கூட்டிவருவது? சிலர் தனியார் கடையில் காசு கொடுத்து வாங்கி, கொச்சிக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பினார்கள். வசதியில்லாதவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள்.

அடுத்தது, அளக்கிற விதம். வெயிலில் நடந்து வந்த மனிதரை வரிசையில் நிற்கவைத்து, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, பெயரும் ஊரும் கேட்டுக்கொண்டே அளந்தோம். ஐந்து நிமிடம் உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பதிய வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. இதெல்லாம் தெரியாதவர் எங்களில் ஒருவரும் இல்லை. தெரிந்ததை அந்தக் கூட்டத்தில் செய்ய முடியவில்லை. இதனால் சிலருக்குத் தேவையில்லாமலே மருந்தைக் கூட்டியிருக்கக்கூடும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாகப் பதிவேடு. 'வந்தார்', 'விடுபட்டவர்' என்று இரண்டே கட்டம். கடலில் இருப்பவர், வளைகுடா போனவர், மாத்திரை வேண்டாம் என்று நிறுத்தியவர், இறந்துபோனவர் எல்லாரும் ஒரே சிவப்பு மையில். யாரைத் தேடிப் போவது என்று அதைப் பார்த்து எந்தச் செவிலியராலும் முடிவெடுக்க முடியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மாத்திரையைக் கூடுதல் நாளுக்குத் தருவது பற்றித்தான் அதிகம் பேசினோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல், மருந்து தொடங்கியவர்களையும் மாற்றியவர்களையும் அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை மாதம் ஒரு முறை பார்க்கச் சொல்கிறது. கட்டுக்குள் வந்தவர்களை 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். நாங்கள் எல்லாரையும் மாதாமாதம் வரச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆய்வுக் குழு அந்தப் பக்கத்தை எடுத்துத் தந்தது. அதை வைத்துத்தான் மேலதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி கேட்டேன். ஆதாரத்தைத் தேடி எடுத்துத் தர ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று புறநோயாளிப் பிரிவில் தனியாக உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்குத்தான் தெரியும்.

அதிகாரியின் தயக்கம் இருப்பைப் பற்றியது. இரண்டு மாதத்துக்குக் கொடுத்தால் மாத்திரை தீர்ந்துவிடாதா? எங்கள் மருந்தாளுநர் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். நாளுக்கு ஒன்று போடுகிறவர் இரண்டு மாதத்தில் 60 மாத்திரைதான் போடுவார், முப்பது முப்பதாகக் கொடுத்தாலும் சரி, ஒரேயடியாகக் கொடுத்தாலும் சரி. முதல் மாதத்தில் மட்டும் இருப்பு சட்டென்று இறங்கும். அந்த ஒரு தடவைக்குக் கூடுதலாகத் தந்தால் போதும், அப்புறம் பழையபடி ஓடும். அனுமதி கிடைத்தது.

இரண்டு முறை தொடர்ந்து 140/90-க்குக் கீழே இருந்தவர்களுக்கு 60 நாள் மாத்திரை. மனைவியோ வீட்டில் வேறு பெரியவரோ வந்து வாங்கலாம். இதில் பெரிய வாதம் இல்லை. கட்டுக்குள் வராதவர்களைப் பற்றித்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. மருந்தைக் கூட்டினால் ஒரு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும், அவரோ நாளை மறுநாள் போட்டு ஏறுகிறார். கொடுக்காமல் அனுப்பினால் வெறுங்கையோடு போவார். ஸ்ராங்கின் அட்டைகள் என் கண் முன்னால் இருந்தன. எனவே பயண நாள் முழுவதற்கும் கணக்குப் பண்ணிக் கொடுத்துவிடுவது, எந்தக் கரையில் இறங்கினாலும் அங்குள்ள அரசு மருத்துவமனையில் அளந்துகொள்ளச் சொல்வது என்று முடிவு செய்தோம். மருந்தின் பெயரும் அளவும் எந்த ஊர் மருத்துவரும் படிக்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு அட்டை தந்தோம். 180/110-க்கு மேல் இருந்தால் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னோம். மீன் விற்ற பணத்தில் கிடைக்கும் பங்குக்காசு போகுமே என்று சிலர் கேட்கவில்லை. கேட்டவர்களின் வீட்டில் அந்த மாதம் எப்படி ஓடியது என்பதும் எனக்குத் தெரியும்.

நினைவூட்டல் செய்தியைக் கைவிட்டோம். கரையைவிட்டு ஆழக்கடலுக்குப் போனால் சிக்னல் கிடையாது. அதற்குப் பதிலாகப் பங்குத்தந்தையிடம் பேசினோம். ஞாயிறு திருப்பலி முடிந்து அறிவிப்பு, பங்கின் சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களில் ஒரு சின்னப் பேச்சு. மாத்திரை வாங்காதவர்களின் பட்டியலைக் கோயிலில் வாசித்தால் பயந்து வருவார்கள் என்று ஒருவர் சொன்னபோது எங்கள் கிராம சுகாதார செவிலியர், "நோயாளி பேரை மைக்குல சொன்னா மறுநாள் ஒருத்தரும் நம்மகிட்ட வரமாட்டாங்க" என்று தடுத்தார். அவர் சொன்னதே முடிவானது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இருக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் பலர் ஊரில் இருப்பார்கள்; வருடாந்திர இரத்தப் பரிசோதனைகளை அந்த இரண்டு மாதத்துக்கு மாற்றினோம். ஜன்னலுக்கு வெளியே நிழலில் சாய்வு வைத்த பெஞ்ச் ஒன்று போட்டு, அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தவருக்கு மட்டுமே அளப்பது என்றும் வைத்துக்கொண்டோம்.

சிகிச்சை நடைமுறையை மாற்றுவது சுகாதார நிலையத்தின் பொறுப்பு, கவனித்து எழுதுவது ஆய்வாளர்களின் பொறுப்பு என்று இந்தக் கட்டத்தில் பிரித்துக்கொண்டோம். மாற்றிய ஆய்வுத் திட்டத்துக்கு அவர்கள் மறுபடி நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டியிருந்தது. அதுவரை நோயாளிகளைக் காக்கவைக்க எனக்கு மனமில்லை. இந்தப் பிரிவினை இல்லையென்றால் இரண்டு தரப்பும் அங்கேயே முறைத்துக்கொண்டு பிரிந்திருப்போம்.

அந்த ஒரு கட்டம்

பதிவேட்டில் மூன்றாவதாக 'கடலில்' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். பக்கத்தில் 'திரும்பும் தேதி'. எளிய விஷயம் என்று நினைத்தோம்.

இரண்டு விதமாகத் தவறிப்போனது. ஒன்று, 'கடலில்' என்பது மறைந்துகொள்ள வசதியான இடமாகிவிட்டது. விசாரிக்க நேரமில்லாதபோது எங்கள் ஆட்களே அதில் டிக் போட்டார்கள். சிவப்பு மை குறைந்தது, மாதக் கூட்டத்தில் பாராட்டும் கிடைத்தது. ஆய்வாளர் பெயர் பெயராகச் சரிபார்த்தபோது, 'கடலில்' என்று இருந்த சிலர் மாதக்கணக்காக ஊரிலேயே இருந்தது தெரிந்தது. அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டவன் நான்தான்.

இன்னொன்றைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. ஒரு பெண்ணிடம் "எப்ப திரும்புவாங்க?" என்று கேட்டதும் அவர் மாத்திரைப் பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பிறகுதான் செவிலியர் சொன்னார், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் அந்த வீட்டில் ஆள் போயிருக்கிறார் என்று. கடலில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று அந்த நாட்களில் எத்தனையோ பேர் அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். இந்த ஊர்களில் திரும்பும் தேதியை வாயால் சொல்லச் சொல்வது சாதாரணக் கேள்வி இல்லை. அது எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கட்டத்தின் தலைப்பை மாற்றச் சொன்னவர் அந்தச் செவிலியர்தான். 'மாத்திரை தீரும் நாள்.' யாரையும் எதையும் கேட்க வேண்டாம். கொடுத்த தேதியோடு எண்ணிக்கையைக் கூட்டினால் நாள் வந்துவிடும். அந்த நாள் தாண்டியும் யாரும் வாங்க வரவில்லை என்றால்தான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், அவர் கடலில் இருந்தாலும் கரையில் இருந்தாலும். டிக் போட்டு மறைக்க அதில் இடமில்லை. இரண்டு சிக்கலும் ஒரே கட்டத்தில் தீர்ந்தன.

பிறகு நடந்தவை

முதல் மாதம் இருப்பு இறங்கியது, கூடுதலாகக் கேட்டது வந்து சேரத் தாமதமானது. சில நாட்கள் பக்கத்து நிலையத்தில் கடன் வாங்கிச் சமாளித்தோம்.

ஒருவர் 60 மாத்திரையில் பாதியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். கடலில் இருக்கும்போது இரண்டு கணுக்காலும் வீங்கியிருக்கின்றன. சிறுநீரகம் போய்விட்டது என்று பயந்து அவராகவே நிறுத்திவிட்டார். இரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரை போடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். சிறுநீரகத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை, மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மாதாமாதம் பார்க்கும் நோயாளியிடம் அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியும். இரண்டு மாதம் கண்ணில் படாதவரிடம் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லித்தான் ஆக வேண்டும். அதன் பிறகு உறைக்குள் அட்டையின் பின்பக்கத்தில் கால் வீக்கம், தலைச்சுற்றல், விடாத இருமல் பற்றித் தமிழில் நாலு வரி சேர்த்தோம்.

பெஞ்ச் போட்ட பிறகு முதல் அளவில் கூடுதலாகக் காட்டிய சிலர் இரண்டாவது அளவில் கீழே வந்தார்கள். மனைவிமார் வாங்க வருவது வழக்கமானது. அவர்களில் பலருக்கு அதுவரை யாரும் பிரஷர் பார்த்ததே இல்லை. வந்த இடத்தில் அவர்களுக்கும் பார்த்தோம், இதை நாங்கள் திட்டமிடவில்லை. தேடிப் போக வேண்டிய பெயர்களின் பட்டியல் ஒரு செவிலியர் ஒரு வாரத்தில் போய்வரக்கூடிய அளவுக்குச் சுருங்கியது.

சதவீதக் கணக்கு எதுவும் இங்கே தரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊரை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை, அளக்கும் முறையையும் நடுவில் மாற்றினோம். முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு என்று போட்டால் பெஞ்சினால் வந்த குறைவையும் மாத்திரையால் வந்த குறைவையும் ஒன்றாகக் கலந்து காட்டுவதாகிவிடும்.

ஆய்வுக் குழு போகும் முன் தமிழில் ஒரு பக்க அறிக்கை எழுதித் தந்து, எங்கள் ஊழியர் கூட்டத்தில் அவர்களே வாசித்தார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஆய்வின் முடிவு எங்களிடம் திரும்பி வந்தது அதுதான் முதல் முறை. "இன்னொரு நோட்டா" என்று கேட்ட செவிலியர் அதை ஜெராக்ஸ் எடுத்து மருந்து அறையில் ஒட்டினார்.

மறுபடி செய்தால்

ஆய்வாளரின் நாற்காலியைக் கேள்வித்தாளுக்கு முன்பே ஜன்னலுக்குப் பக்கத்தில் போடுவேன். மருந்தாளுநரையும் கிராம சுகாதார செவிலியரையும் முதல் கூட்டத்திலேயே மேசையில் உட்காரவைப்பேன். அன்று அவர்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். புதிய கட்டம் எதைச் சேர்த்தாலும் அச்சடிப்பதற்கு முன் அந்த ஊர்ப் பெண்கள் நாலு பேரிடம் வாசித்துக் காட்டுவேன். கொச்சி, மங்களூர் போன்ற இறங்குதுறைகளில் இருக்கும் அரசு மருத்துவமனைகளோடு தொடக்கத்திலேயே பேசியிருக்க வேண்டும். அட்டையைக் காட்டினால் மாத்திரை கிடைக்குமா என்பது இன்னும் அங்கே யார் பணியில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. போட்டிலேயே பிரஷர் கருவி வைப்பது பற்றியும் பேசினோம். உப்புக்காற்றில் கருவி எத்தனை நாள் சரியாகக் காட்டும், அதை யார் சரிபார்ப்பது என்று தெளிவு வரும்வரை அதைத் தள்ளிவைத்தது சரியென்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஸ்ராங்குக்குப் பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது, வலது கை திரும்பவில்லை. கடலுக்குப் போவதில்லை, கரையில் வலை பொத்துகிற இடத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் மகன் இப்போது அதே போட்டில் போகிறான். முதல் தடவை போவதற்கு முன் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காரவைத்தவர் அவர்தான்.

நான் மாறுதலாகி வந்துவிட்டேன். கணினிப் பதிவில் 'மாத்திரை தீரும் நாள்' என்ற கட்டம் கிடையாது. ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப் பதிவேடு வந்ததும் அந்தச் செவிலியர் ஸ்கேலும் பேனாவும் எடுத்துப் பக்கம் பக்கமாக அந்தக் கோட்டைத் தன் கையாலேயே போட்டுவிடுகிறார்.